நடைக்கு நாலு பேர்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பஸ்ஸில் உட்காரவே தெரியவில்லை என்பது வெல்டரின் தீர்மானமான கருத்து. இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் ஒருத்தன் உட்காருகிறான், பக்கத்தில் அவனுடைய பை உட்காருகிறது. பைக்குக் கால் வலிக்குமாம். ஒரு கிழவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறானே, கொஞ்சம் நகர்ந்துகொள்வோம் என்று தோன்றாது. கண் இரண்டும் போனில், காது இரண்டும் அடைப்பு. நாமாகப் பையைத் தட்டிக் காட்டினால், அவன் படுக்கையறைக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டுப் பையை மடியில் எடுத்து வைப்பான், சொத்தில் பாதியை நமக்கு எழுதிக் கொடுத்தவன் மாதிரி.

வெல்டர் பட்டறையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் குடியிருப்பின் நாலு கட்டடத்திலும் இன்னும் அவருக்கு அதுதான் பெயர். வயது எழுபத்து நான்கு. மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷம், பிள்ளை குட்டி இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே சொந்தம் அக்கா. அவளுக்கு எண்பத்தொன்று. பதினான்காம் நம்பர் பஸ் போய் நிற்கிற கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு முதியோர் இல்லம், அதன் இரண்டாவது மாடியில் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது.

பக்கவாதம் வந்து அக்காவுக்கு வலது கை விழுந்துவிட்டது. யாராவது ஊட்ட வேண்டும். போன வருஷம் ஒரு ஆயா, பத்துப் பேருக்கு ஊட்டி முடிக்கிற அவசரத்தில், கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டியை உள்ளே தள்ளிவிட்டாள். நாக்கு வெந்துபோனது. அன்றிலிருந்து யார் கரண்டியை நீட்டினாலும் அக்கா பூட்டுப் போட்ட மாதிரி வாயை மூடிக்கொள்வாள். தம்பி வந்தால் மட்டும் திறப்பாள். அதுவும் முதலில் திட்டுவதற்கு, பிறகுதான் சோற்றுக்கு.

"ஏண்டா இவ்வளவு நேரம்?"

"அதே நேரந்தான்க்கா. பதினொண்ணரைக்கே வந்துட்டேன்."

"நேத்து இதைவிட சீக்கிரம் வந்தே."

"நேத்தும் பதினொண்ணரைதான்."

"எதிர்த்துப் பேசாதே. ஆறியிருக்கா பாரு முதல்ல."

வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றை வெல்டர் ஒவ்வொரு கரண்டியாகத் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊட்டுவார். காலையிலும் இரவிலும் அவள் உறிஞ்சுகுழலில் கொஞ்சம் பால் குடிப்பதோடு சரி. ஆகவே அந்த மதியச் சோறுதான் அவளை நிறுத்தி வைத்திருந்தது. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை சாப்பாட்டு நேரம். ஒரு மணி அடித்தால் வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார்கள். தலைமை நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள்: எடை இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான், பிடுங்கிவிடாமல் இருக்க நல்ல கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள்.

அக்கா அதைக் கேட்டுவிட்டு, "குழாய் போட்டாங்கன்னா நீ வராதே. பார்க்க நல்லா இருக்க மாட்டேன்" என்றாள். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

குடியிருப்பு வாசலில் பத்து ஐம்பதுக்குப் பதினான்கு வரும். நாற்பது நிமிஷத்தில் இல்லத்து வாசல். அந்தப் பக்கம் போக வேறு பஸ் கிடையாது. நடந்தால் எட்டு கிலோமீட்டர், அதில் பாதி ஏற்றம். வெல்டரின் வலது முழங்காலுக்கு ஒரு கிலோமீட்டரே அதிகம். வாடகைக் காரெல்லாம் அவர் கையிலிருக்கிற காசுக்குக் கட்டுப்படியாகிற சமாச்சாரம் இல்லை.

யாரையும் நம்பாத வெல்டர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கொஞ்சம் இறங்கிப் பேசுவார். அது பதினான்கின் டிரைவர். எட்டு வருஷமாக அதே ஆள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பஸ்ஸில் ஏறியதும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் இருக்கும். காசு போட்ட கார்டு வைத்திருக்கிறவர்களும் சரி, இலவச அட்டை வைத்திருக்கிற வயசாளிகளும் சரி, கார்டை அதில் காட்ட வேண்டும், அது ஒரு சத்தம் போட வேண்டும். ஒரு மழை நாளில் வெல்டர் பர்ஸைத் துழாவி, சட்டைப் பையைத் துழாவி, தூக்குவாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது, டிரைவர் தன் உள்ளங்கையால் மெஷினை மூடினான்.

"விடுங்கண்ணே. உங்க மூஞ்சியே கார்டு. போய் உக்காருங்க."

அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பின் வயசாளிகள் யாரும் கார்டை எடுத்ததில்லை. டிரைவர் கையை ஆட்டுவான், இவர்கள் ஏறுவார்கள். வெல்டருக்கு அதில் இரட்டைச் சந்தோஷம். நான் எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று ஒரு மெஷின் எதற்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்? நல்லதுக்கா எழுதும்?

அப்படி இருக்கையில்தான் நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். வெல்டருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். பக்கத்தில் நின்ற தையல்காரம்மா படித்துச் சொன்னாள். மூன்று நிறுத்தம் தள்ளி ஒரு கடையில் கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது அவள் வேலை.

"அடுத்த மாசம் பூரா ஆள் கணக்கு எடுக்கப் போறாங்களாம் அண்ணே. நடைக்குப் பத்துப் பேர்கூட இல்லைன்னா பதினாலை நிறுத்திடுவாங்களாம்."

"நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கணக்கே எடுப்பான்" என்றார் வெல்டர். வாய் அப்படிச் சொன்னதே தவிர, தாளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற அறையில் கூட்டம் போட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு சலவை மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். எந்தக் கூட்டத்துக்கும் சலவை போட்ட சட்டையில் வருகிற மனுஷன். யோசனை நல்ல யோசனைதான். ஒரு மாதம், வேலை இருக்கிறதோ இல்லையோ, ஆளாளுக்குப் பதினான்கில் ஏறி ஒரு நடை போய்வர வேண்டும். கார் வைத்திருக்கிறவர்களும்தான்.

"கார் வச்சிருக்கவன் பஸ்ஸுல வருவானா? போற போக்குல கையாட்டிட்டுப் போவான்" என்றார் வெல்டர் பின்னாலிருந்து.

"நீங்க பொறந்தப்பவே டாக்டர்கிட்ட, 'நீ நெஜமா டாக்டர்தானா'ன்னு கேட்டிருப்பீங்கண்ணே" என்றாள் தையல்காரம்மா. அறை முழுக்கச் சிரித்தது.

ஆனால் வந்தார்கள். அதுதான் வெல்டருக்கு ஆச்சரியம். முதல் திங்களன்றே பத்து ஐம்பதுக்கு இருபத்திரண்டு பேர் நின்றார்கள். சிவப்புக் கார்க்காரர் வந்தார், அவர் மாமியாரும் வந்தார். மூன்றாவது கட்டடத்துப் பல்லில்லாத தச்சர், வெளியே வந்தே இரண்டு வருஷமானவர், சீவிய தலையோடு வந்து ஜன்னலோரம் பிடித்தார். கடைசி நிறுத்தம்வரை போய், இறங்கி, காலை நீட்டிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினார்கள். பக்கத்து வீட்டிலேயே இருந்தும் முகம் தெரியாதவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பைகள் தாமாகவே மடிக்கு ஏறின. ஒரு நாள் சிவப்புக் கார்க்காரர் எழுந்து வெல்டருக்கு இடம் கொடுத்தார். வெல்டர் உட்கார்ந்தார். இவனுக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்று இரண்டு நிறுத்தம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

கணக்கு எடுக்கிற ஆள் யார் என்பதைக் கண்டுபிடித்தது வெல்டர்தான். பின் சீட்டில் கட்டம் போட்ட சட்டையோடு ஒருத்தர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியில் நோட்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார், உதட்டை அசைப்பார், ஏதோ எழுதுவார். செவ்வாயும் வியாழனும் தவறாமல் வந்தார்.

"அவன்தான்" என்றார் வெல்டர் தாழ்ந்த குரலில். "வாய் அசையுது பாரு. நம்மளை எண்ணுறான்."

வெல்டர் எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாத ஆள். அவரே சொல்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கட்டம் போட்ட சட்டைக்குப் பஸ்ஸில் ராஜ மரியாதை. தையல்காரம்மா பிஸ்கட் கொடுத்தாள். தச்சர் ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்தார். டிரைவருக்கும் சேதி போனது. அவன் பங்குக்கு அவனும் உஷாரானான்.

"ஒவ்வொருத்தரா மெஷின்ல காட்டிட்டிருந்தா அஞ்சு நிமிஷம் போயிடும். லேட்டுன்னு வேற அவர் எழுதிக்குவாரு. ஏறுங்க, ஏறுங்க, எல்லாம் நம்ம ஆளுங்கதானே!"

கையில் கார்டோடு ஏறிய கார்க்காரர்கள்கூட அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். மாதம் முழுக்கப் பஸ் நிறைந்து போனது. நிமிஷம் பிசகாமல் போனது.

அந்த மாதத்தில் அக்காவின் எடை முந்நூறு கிராம் ஏறியது. "யாரோ கூட்டமா இறங்குறாங்களேடா தெனம், ஜன்னல்ல பார்க்கிறேன். எல்லாரும் யாரைப் பார்க்க வர்றாங்க?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான்" என்றார் வெல்டர். ஒரு விதத்தில் அது பொய் இல்லை.

மாதம் முடிந்து பத்தாம் நாள் கம்பத்தில் அடுத்த தாள். தையல்காரம்மா படித்தாள், நிறுத்தினாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். சராசரி நடைக்கு நாலு பேர். மாதக் கடைசியோடு பதினான்காம் தடம் நிறுத்தப்படுகிறது.

"நாலா? தச்சர் வீட்டு ஆளுங்களே நாலு பேர் வந்தாங்களே!" என்றாள்.

செயலாளர், தையல்காரம்மா, வெல்டர் மூன்று பேரும் பஸ் ஆபீஸுக்குப் போனார்கள். நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் கூப்பிட்டாள். குரலில் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள்.

"மெஷின்ல பதிவானதுதான் கணக்கு. நாலுன்னு இருக்கு."

"உங்க ஆள்தான் நோட்டுல எழுதினாரே?" என்றார் செயலாளர். "கட்டம் போட்ட சட்டை."

"நாங்க யாரையும் அனுப்பலையே. ஆளை வச்சு எண்ணுறதெல்லாம் எப்பவோ போச்சு. ஏறினவங்க எல்லாரும் கார்டு காட்டினாங்களா?"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எட்டு வருஷமாக ஒரு உள்ளங்கை மெஷினை மூடிக்கொண்டிருந்தது, மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கண்ணில் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்து நடுவில் ஏறுகிற நாலு பேர் மட்டும் ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள்.

"ஊழியர் மேல தப்புன்னா எழுதிக் கொடுங்க" என்றாள் அந்தப் பெண். "மறுபடியும் ஒரு மாசம் கணக்கெடுப்பாங்க. கார்டு வேணாம்னு டிரைவர் சொன்னாரா? சொல்லியிருந்தா பெரிய தப்பு, வேலையே போயிடும். அப்படி ஏதாவது நடந்துச்சா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். மெதுவாக வெல்டர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தானே அவசரம். உங்க வாயால வந்தாதான் பொருத்தமா இருக்கும்."

பாரம் தூக்க நேரம் வந்தால் மட்டும் எல்லோருக்கும் அடுத்தவன் தோள் ஞாபகம் வருகிறது என்று வெல்டர் நினைத்தார். தையல்காரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் இன்னொரு மாதம் பஸ் ஓடும், அக்கா வாயைத் திறப்பாள். ஒரு மாதம்தான். அதற்கப்புறமும் இந்த ஜனங்கள் வந்து ஏறுவார்கள் என்று யார் கண்டது? அதற்காக ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட வேண்டும். அக்காவின் மூக்கில் குழாய் தெரிந்தது. மெஷின் மேல் விரிந்த கையும் தெரிந்தது.

"டிரைவர் காட்டச் சொல்லிட்டேதான் இருந்தாரு" என்றார் வெல்டர். "நாங்கதான் காட்டல."

அந்தப் பெண் ஏதோ தட்டினாள். அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

கடைசி நாள் பத்து ஐம்பதுக்கு நல்ல கூட்டம். போனில் படம் பிடித்தார்கள். பஸ்ஸைக் கட்டிக்கொள்ளாத குறை. கட்டம் போட்ட சட்டைக்காரர் பின் சீட்டில் இருந்தார். வெல்டர் நேராகப் போய் எதிரில் நின்றார்.

"உன் நோட்டுல என்னய்யா இருக்கு?"

அவர் பயந்துபோய் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து. "பாஷை படிக்கிறேங்க. பேரப் பசங்களுக்கு நம்ம பாஷை வரல, அவங்க பாஷை எனக்கு வரல. வாரத்துல ரெண்டு நாள் பல் டாக்டர்கிட்ட போகும்போது பஸ்ஸுல வார்த்தை எழுதி மனப்பாடம் பண்ணுவேன்." பிறகு தயங்கினார். "எல்லாரும் என்கிட்ட எவ்வளவு அன்பா இருந்தீங்க! என் பொண்ணுகிட்டகூடச் சொன்னேன், இப்படி ஒரு ஜனங்க இருக்கிற இடத்துல வீடு பாரும்மான்னு."

வெல்டர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். "பார்க்காதே" என்று சொல்லிவிட்டு முன்னால் வந்துவிட்டார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். தையல்காரம்மா எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? வேலையெல்லாம் போகாதுண்ணே. ஒரு எச்சரிக்கைக் கடுதாசி கொடுப்பாங்க. ஏற்கெனவே மூணு இருக்கு என்கிட்ட. அந்தம்மா சும்மா மிரட்டியிருக்கு. எனக்கு என் வீட்டுப் பக்கத்துலயே வேற தடம் கொடுத்துட்டாங்க."

"இப்ப எழுதிக் கொடுக்கலாமா?"

"எழுதிக் கொடுக்கிற கெடு போன வாரத்தோட முடிஞ்சுது."

வெல்டர் அவன் முகத்தையே பார்த்தார். நிஜமாகச் சொல்கிறானா, கிழவன் மனசு ஆறட்டும் என்று சொல்கிறானா? எட்டு வருஷம் பழகியும் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு மாடி ஏறினார். அன்றைக்கு அக்கா முழுச் சோறும் சாப்பிட்டாள்.

மாலையில் செயலாளர் ஒரு பட்டியலோடு கதவைத் தட்டினார். பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முறை வைத்துத் தினமும் ஒருத்தர் காரில் கூட்டிப் போவார்கள். திங்கள் சிவப்புக் கார்க்காரர்.

"பஸ் போனா என்னங்கய்யா, நாங்க இல்லையா?"

வெல்டர் பட்டியலை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறாரோ என்று செயலாளருக்குச் சந்தேகம் வந்தது. இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் செயலாளரே மகனுடைய காரில் கொண்டுபோய் விட்டார்; வேலை நாளில் அந்தக் கார் மகனோடு ஆபீஸ் போய்விடும். திங்களன்று வெல்டர் பத்தரைக்கே வாசலுக்கு வந்துவிட்டார். கம்பத்தை அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் இரும்பு வட்டம் மட்டும். அறுத்த விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள், யார் காலையாவது கிழிக்கும். பத்து ஐம்பது. பதினொன்று. பதினொன்று இருபதுக்குச் செயலாளர் போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தார்.

"ஐயா, அவருக்கு ஆபீஸ்ல திடீர்னு மீட்டிங்காம். சாயங்காலம் போனா பரவாயில்லையான்னு கேக்கறாரு."

"சாயங்காலம் கதவு சாத்தியிருக்கும்."

"ரெண்டே நிமிஷம் நில்லுங்க. நாளைக்கு வர்றவரை இன்னைக்கே வரச் சொல்றேன். அவர் எடுக்க மாட்டேங்கறாரு... அதுக்கு அடுத்தவரைப் பார்க்கிறேன்."

இரண்டு நிமிஷம் பதினைந்து நிமிஷமானது. தூக்குவாளியின் சூடு உள்ளங்கையில் குறைந்துகொண்டே வந்தது. தையல்காரம்மா கடைக்குப் போகிற வழியில் நின்றாள். அவளும் இனி நடைதான். "அண்ணே, நானும் கூட வரட்டா?" என்றாள். எட்டு கிலோமீட்டர் அவள் வரப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"உன் கடை உனக்கு. போம்மா."

எட்டு மணிக்கே கிளம்பி நடந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம். தாளில் பதினொரு பெயரைப் பார்த்துவிட்டு நின்றதுதான் தப்பு. எழுபத்து நாலு வயதில் ஒரு தடவை நம்பிப் பார்த்தாயிற்று. வெல்டர் தூக்குவாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஒரு மணிக்குள் போக முடியாது. இரண்டு மணிக்கும் முடியாது. கதவு சாத்தியிருக்கும். இருந்தாலும் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே ஆள் நிற்பது தெரியும்.

"ஐயா, ஐயா, நில்லுங்க! ஒருத்தர் வந்துட்டே இருக்காராம்!" என்று பின்னாலிருந்து செயலாளர் கத்தினார்.

வந்துட்டே இருக்காராம். இருப்பார், இருப்பார். வெல்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் முதல் ஏற்றத்திலேயே வலிக்க ஆரம்பித்திருந்தது.